பதினாறு புள்ளி நான்கு

குளிர்தான் என் தொழில்.
சத்துவாச்சாரியில் பாதி ஃப்ரிட்ஜின் முதுகில்
என் கைரேகை இருக்கும்.
மாசிக் கடைசியில் போன் அடிக்க ஆரம்பித்தால்
ஆவணி வரைக்கும் நின்றுகொண்டுதான் சோறு.
மார்கழியில் போன் தூங்கும்.
நானும் தூங்கலாம்.
வாடகை தூங்காது.

அதனால்தான் சுகிர்தா
பாப்பாவின் கணக்கு நோட்டைப் பின்பக்கம் திருப்பி
மூன்று கட்டம் போட்டாள்.
வேலூர். ஓசூர். ரெஜைனா.
"எந்த ஊர்க் குளிர் நமக்கு ஒத்துவரும்னு எழுதிப் பார்ப்போம்.
வெயிலை விடு. வெயிலை எங்கேயும் தாங்குவோம்,
நாம வேலூர்க்காரங்க."

வேலூர்க் கட்டம் என் பொறுப்பு.
கடையிலிருந்து டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டுவந்து
அதன் வாலை ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டேன்.
தை பிறக்க ஐந்து நாள், காலை ஐந்தரை:
பதினாறு புள்ளி நான்கு.
கீரை விற்கிறவர் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து
ஏதோ ஒரு கீரையின் பெயரைச் சொல்லிப் போனார்.
எதிர்வீட்டு நாய்க்கு யாரோ
பழைய சுடிதார் டாப்ஸை மாட்டியிருந்தார்கள்.
எட்டரைக்கு இருபத்து மூன்று.
பதினோரு மணிக்குக்
குளிர்காலம் முடிந்துவிட்டது.

ரெஜைனாவை நிரப்பியவன் அவள் தம்பி ஜெபசிங்.
மைனஸ் முப்பத்தொன்று என்று படம் அனுப்பினான்,
கண்ணிமையில் கல்லுப்பு மாதிரி ஏதோ.
நான் கணக்குப் போட்டேன்.
ஃப்ரீசரே மைனஸ் பதினெட்டுதான்.
அந்த ஊரில் மீனைக்
கொஞ்சம் சூடாகட்டும் என்றுதான் ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.
சுகிர்தா சிரிக்கவில்லை.
அவளுக்கு அங்கே ஒரு வார்டு காத்திருக்கிறது,
சம்பளத்தை ரூபாயில் சொன்னால்
நானே ஒரு நிமிடம் எழுந்து நிற்பேன்.
"வீட்டுக்குள்ள இருபத்திரண்டு மாமா,
பனியனோட உட்கார்ந்திருக்கோம்" என்றான்.
அப்படியென்றால் ஆறு மாதம்
ஜன்னலைத் திறக்காமல்
வேலூரின் ஐப்பசியில் குடியிருக்கிறான்.
அங்கே ஃப்ரிட்ஜ் கெட்டால்
பாலை வாசற்படியில் வைத்துவிடலாமாம்.
எனக்கு என்ன வேலை என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஓசூருக்கு அக்கா பியூலா.
பதின்மூன்று, பனி, அப்புறம்
மே மாதத்திலும் ஃபேன் ரெண்டிலேதான் என்று பெருமை.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
போகிற போக்கில் சொன்னாள்:
ரோஜாத் தோட்டத்துக்காரர்கள் குளிர் அறை வைத்திருக்கிறார்கள்,
உள்ளே மூன்று டிகிரி,
தை முழுக்க ராப்பகலாக ஓடும்,
ரிப்பேருக்கு ஆள் கிடைப்பதில்லை.
வெளியே குளிரும்போது
உள்ளே அதைவிடக் குளிர் கேட்கும் ஓர் ஊர்!
சுகிர்தா கட்டத்தில் நட்சத்திரம் போட்டாள்.
பாப்பா அதற்கு மஞ்சள் தீட்டினாள்.
தீட்டிக்கொண்டே,
"அங்க எனக்கு இழுக்காதா?" என்றாள்.
போன போகியில், டயர்ப் புகையில், அவளுக்கு இழுத்தது.
அந்தக் கேள்விக்கு
எந்தக் கட்டத்திலும் நாங்கள் இடம் விட்டிருக்கவில்லை.

ராத்திரி பத்தரைக்கு போன். மார்கழியில்!
பாகாயத்திலிருந்து.
"கூலிங் இல்லப்பா, உள்ள இன்சுலின் இருக்கு."
கோட்டை அகழியைத் தாண்டும்போது
ஈரக்காற்று சட்டைக்குள் கையை விட்டது.
ரிலே மட்டும்தான் போயிருந்தது, பத்து நிமிட வேலை.
அதற்குள் அவர் மருந்தைத் துணியில் சுற்றி
மாடிப்படியில் வைத்திருந்தார்.
"ராத்திரிக்குத் தாங்கும். பகல்ல?"
ஆமாம், பகலில்.
வேலூர்க் குளிரை நம்பி
எதையும் படியில் விட்டுவிட்டுப் போக முடியாது.
நானூறு கொடுத்தார். முந்நூறு போதும் என்றேன்,
ஏன் என்று தெரியவில்லை.

வந்தபோது இருவரும் தூங்கியிருந்தார்கள்.
நோட்டு திறந்தே கிடந்தது.
டிகிரிகளையெல்லாம் அடித்துவிட்டு
அவள் எழுதியிருந்தாள்:
ரெஜைனா, போர்வை வேண்டாம்.
ஓசூர், மூன்று.
வேலூர், ஒன்று. விடியற்காலையில் சண்டை.

பேனாவைத் தேடினேன், கிடைக்கவில்லை.
விளக்கை அணைத்துப் படுத்து
எனக்கென்று மிச்சமிருந்த ஓரத்தை
மெல்ல இழுத்தேன்.
தூக்கத்திலேயே
அதையும் இழுத்துக்கொண்டாள்.